தானுந்து விளையாட்டு இரைச்சல்

தானுந்து விளையாட்டு இரைச்சல் என்பது தானுந்து, விசையுந்துப் பந்தயங்களும் அவற்றுக்கான பயிற்சிகளும் நடைபெறும்போது எழுந்து, பந்தயத் தடத்தின் எல்லையைக் கடந்து சுற்றுப்புறத்தில் வாழும் மனிதர்களையும் விலங்குகளையும் சென்றடையும் ஒலியாகும். இது ஒலி மாசுபாட்டின் ஒரு வகை. தொழிற்சாலை, நெடுஞ்சாலை, தொடருந்துப் பாதை ஆகியவற்றின் இரைச்சல் ஏறத்தாழ நாள்தோறும் ஒரே தன்மையில் இருக்கும். பந்தய இரைச்சலோ சில நாட்களில் மட்டும் மிகுந்து எழுந்து பின்னர் முற்றிலும் அடங்கிவிடுகிறது. ஊர்ப்புறத்தில் இவ்வேறுபாடு கூடுதலாக உணரப்படுகிறது.

பந்தயத் தடங்களுக்குப் பரந்த நிலம் தேவைப்படுவதால் அவை பெரும்பாலும் நகரங்களுக்கு வெளியே அமைகின்றன. கால்நடைகளும் குதிரைகளும் வளர்க்கப்படும் இடங்களும் அவையே. தமிழ்நாட்டில் இதன் வரலாறு திருவள்ளூர் மாவட்டத்தின் சோழவரத்தில் தொடங்கி, இருங்காட்டுக்கோட்டை, செட்டிபாளையம் ஆகிய ஊர்களின் வழியாக 2024 ஆம் ஆண்டில் சென்னை மாநகரின் தெருக்களை வந்தடைந்தது.

ஒலியின் மூலங்கள்

பந்தய வாகனத்தின் ஒலி பல மூலங்களிலிருந்து எழுகிறது. அவற்றுள் முதன்மையானது பொறியிலிருந்து வெளியேறும் புகைக்குழாயின் ஒலியாகும். சாலையில் ஓடும் வாகனங்களில் ஒலியடக்கி கட்டாயமாகும். பந்தய வாகனங்களில் புகை தடையின்றி வெளியேறினால் பொறியின் திறன் கூடும் என்பதால் ஒலியடக்கி எளிமையாக்கப்படுகிறது அல்லது நீக்கப்படுகிறது. பொறி மிக உயர்ந்த சுழற்சி வேகத்தில் இயங்குவதும் ஒலியைக் கூட்டுகிறது.

காற்றை உள்ளிழுக்கும் ஒலி, பற்சக்கரங்களின் ஒலி, வளைவுகளில் உருளிப்பட்டைகள் தரையில் உராய்ந்து எழுப்பும் கீச்சொலி ஆகியவை அடுத்த நிலையில் உள்ளன. வாகனங்களைத் தவிர, பந்தய வருணனைக்கான ஒலிபெருக்கிகள், மின்னாக்கிகள், பார்வையாளர்களின் ஆரவாரம், அவர்கள் வந்து திரும்பும் வாகனங்களின் நெரிசல் ஆகியவையும் அயலாரின் முறையீடுகளில் இடம்பெறுகின்றன.

பந்தய ரசிகர்களுக்கு இவ்வொலி விளையாட்டின் பிரிக்க முடியாத பகுதியாகும். 2014 ஆம் ஆண்டில் பார்முலா 1 பந்தயங்களில் 2.4 லிட்டர் வி8 பொறிகளுக்கு மாற்றாக 1.6 லிட்டர் வி6 கலப்புப் பொறிகள் அறிமுகமாகி ஒலி குறைந்தபோது, ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதனைக் குறையாகவே கூறினர். ஒரே ஒலி தடத்தின் உள்ளே இன்பமாகவும் வெளியே துன்பமாகவும் கருதப்படுவதே இச்சிக்கலின் அடிப்படையாகும்.

அளவீடும் பரவலும்

ஒலியின் அளவு டெசிபெல் என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. இது மடக்கை அளவாகும். ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும்போது டெசிபெல் எண் 10 மட்டுமே கூடும். 10 டெசிபெல் கூடினால் ஒலி ஏறத்தாழ இரு மடங்கு உரக்கக் கேட்பதாக மனிதர் உணர்வர். மனிதச் செவியின் உணர்திறனுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட அளவு டெசிபெல் (ஏ) எனப்படும். சட்டங்களும் விதிகளும் பெரும்பாலும் இவ்வளவையே பயன்படுத்துகின்றன.

திறந்த வெளியில் ஒரு புள்ளியிலிருந்து எழும் ஒலி, தொலைவு இரு மடங்காகும்போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபெல் குறைகிறது. எடுத்துக்காட்டாக, 10 மீட்டர் தொலைவில் 100 டெசிபெல் அளவுள்ள ஒரு வாகனத்தின் ஒலி 100 மீட்டரில் 80 டெசிபெல்லாகவும், 1 கிலோமீட்டரில் 60 டெசிபெல்லாகவும் குறையும். அதே போன்ற பத்து வாகனங்கள் ஒன்றாகச் சென்றால் இவ்வெண்கள் ஒவ்வொன்றுடனும் 10 டெசிபெல் கூடும். காற்று ஒலியின் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதாலும், மரங்களும் மேடுகளும் தடுப்பதாலும் உண்மையான அளவு இதனினும் குறையலாம்.

வானிலையும் பரவலைப் பாதிக்கிறது. காற்று வீசும் திசையில் ஒலி நெடுந்தொலைவு செல்லும். நண்பகலில் தரை சூடாக இருக்கும்போது ஒலி மேல்நோக்கி வளைந்து விலகும். இரவிலும் விடியற்காலையிலும் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருப்பதால் ஒலி கீழ்நோக்கி வளைந்து தொலைவிலுள்ள வீடுகளையும் அடைகிறது. ஒரே தடத்தின் ஒலி ஒரு நாள் கேளாமலும் மற்றொரு நாள் உரக்கவும் கேட்பதற்கு இதுவே காரணம்.

பந்தய வாகனங்களைச் சோதிக்க இரு முறைகள் வழக்கில் உள்ளன. முதலாவது நிலைச் சோதனை. வாகனத்தை நிறுத்திப் பொறியைக் குறிப்பிட்ட வேகத்தில் இயக்கி, புகைக்குழாயின் முனையிலிருந்து அரை மீட்டர் தொலைவில், 45 பாகைக் கோணத்தில் ஒலிவாங்கியை வைத்து அளப்பதாகும். இரண்டாவது ஓட்டச் சோதனை. ஓடும் வாகனத்தின் ஒலியைத் தடத்தின் ஓரத்திலிருந்து அளப்பதாகும். இவ்விரண்டும் வாகனத்தை அளக்கின்றனவேயன்றி, அயல்வீட்டின் முற்றத்தில் கேட்கும் ஒலியை அளப்பதில்லை. அதற்குத் தனியாக வீட்டின் எல்லையில் அளவீடு தேவைப்படுகிறது.

வானூர்தித் தளங்களும் பந்தயத் தடங்களும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பல நாடுகளில் கைவிடப்பட்ட வானூர்தித் தளங்கள் பந்தயத் தடங்களாயின. நீண்ட, சமதளமான, வலுவான ஓடுபாதைகள் ஆயத்தமாகக் கிடைத்தமையே இதற்குக் காரணம். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், குட்வுட், குரோப்ட் ஆகிய தடங்கள் இவ்வாறு உருவானவை. போர்க்கால வானூர்தித் தளங்கள் ஊர்ப்புற வயல்களுக்கு நடுவே அமைந்திருந்ததால், பந்தயங்களும் வயல்களுக்கு நடுவே வந்து சேர்ந்தன.

சோழவரம்

தமிழ்நாட்டில் இதற்கான எடுத்துக்காட்டு சோழவரமாகும். சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தை அடுத்துள்ள இவ்வூரில் இரண்டாம் உலகப் போரின்போது ஒரு வானூர்தித் தளம் அமைக்கப்பட்டது. 1953 ஆம் ஆண்டில் சென்னையில் மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் தோற்றுவிக்கப்பட்டபின், இத்தளம் தென்னிந்தியாவின் முதன்மையான பந்தயக் களமாயிற்று. ஆண்டுதோறும் இங்கு நடந்த அகில இந்தியப் பந்தயங்களைக் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். பியட், அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாலை வாகனங்களைத் திருத்தி ஓட்டியவர்களும், வெளிநாட்டுப் பந்தய வாகனங்களை வரவழைத்து ஓட்டியவர்களும் இங்குப் போட்டியிட்டனர். 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பார்முலா 1 வகையைச் சேர்ந்த என்சைன் வாகனத்தை இங்கு ஓட்டினார்.

சோழவரம் நிலையான பந்தயத் தடமன்று. பந்தயங்கள் ஆண்டில் சில நாட்கள் மட்டுமே நடந்தன. அயலூர்களுக்கு அது திருவிழாவைப் போல வந்து சென்றது.

இருங்காட்டுக்கோட்டையும் செட்டிபாளையமும்

1990 ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் திருப்பெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிலையான தடத்தைத் திறந்தது. நாராயண் கார்த்திகேயன் உள்ளிட்ட பல ஓட்டுநர்கள் இங்கு ஓடிப் பழகினர். பின்னர் இத்தடம் சென்னை பன்னாட்டுப் பந்தயத் தடம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. தடம் திறக்கப்பட்ட பின் இப்பகுதியில் சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. 1998 ஆம் ஆண்டில் ஹூண்டாய் தானுந்துத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. இவ்வாறு தடத்தைச் சுற்றியிருந்த ஊர்ப்புறம் தொழிற்பகுதியாக மாறியது.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் சுமார் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே 2003 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பந்தய வாகன வடிவமைப்பாளரும் ஓட்டுநருமான எஸ். கரிவரதனின் நினைவாக இது பெயரிடப்பட்டது. அவர் 1995 ஆம் ஆண்டில் வானூர்தி விபத்தொன்றில் இறந்தார்.

நிலையான தடத்தில் போட்டி நாட்களைத் தவிரப் பயிற்சி, வாகனச் சோதனை, ஓட்டுநர் பள்ளி ஆகியவையும் நடைபெறும். எனவே அயலாரைப் பொறுத்தவரை, ஒரு பந்தயத்தின் உரத்த ஒலியைவிட ஆண்டில் எத்தனை நாட்கள் ஒலி எழும் என்பது முதன்மையான வினாவாகிறது.

கவரைப்பேட்டை வட்டாரம்

சோழவரத்திலிருந்து காரனோடை, தச்சூர் வழியாக வடக்கே செல்லும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டை அமைந்துள்ளது. இது திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த ஊராகும். நெடுஞ்சாலையுடன் சென்னை–கூடூர் தொடருந்துப் பாதையும் இவ்வூரை ஒட்டிச் செல்கிறது. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை உள்ளது. சாலையை விட்டு விலகினால் ஆரணியாற்றுப் படுகையின் நெல்வயல்களும் சிற்றூர்களும் உள்ளன. கிழக்கே பழவேற்காடு ஏரி உள்ளது.

இவ்வட்டாரத்தில் பந்தயத் தடம் ஏதும் இல்லையெனினும், இரைச்சலை மதிப்பிடுவதிலுள்ள இடர்ப்பாட்டை விளக்க இது நல்ல எடுத்துக்காட்டாகும். நெடுஞ்சாலையோர வீட்டில் பின்னணி ஒலி எப்போதும் மிகுந்திருக்கும். அங்கு 60 டெசிபெல் அளவுள்ள புதிய ஒலி பெரிதாகப் புலப்படாமல் போகலாம். அதே ஒலி, இரண்டு கிலோமீட்டர் உள்ளே, வயல் நடுவே உள்ள ஒரு வீட்டில் உரையாடலைத் தடைசெய்யும் அளவுக்கு எடுப்பாகக் கேட்கும். தொழிற்பகுதி என்று ஒரு வட்டாரத்தை முழுமையாகப் பெயரிட்டுவிட்டால், அதனுள் அமைதியாக எஞ்சியுள்ள ஊர்கள் கணக்கில் வாராமல் போகின்றன.

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை உள்ளிட்ட நீர்ப்பறவைகள் பெருமளவில் வரும் குளிர்காலமே, மழை ஓய்ந்து வெயில் கடுமையாகாத காரணத்தால், இப்பகுதியில் பந்தயங்களுக்கும் ஏற்ற காலமாகும்.

மனிதர் மீதான விளைவுகள்

பந்தய இரைச்சல் அயலாரின் கேட்கும் திறனைப் பாதிக்கும் அளவுக்கு உயர்வது அரிது. அத்தகைய இடர் தடத்தின் அருகே நிற்கும் பார்வையாளர்களுக்கும் பணியாளர்களுக்குமே உள்ளது. அவர்கள் செவிக்காப்பு அணிவது தேவையாகும். குழந்தைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும்.

அயலாருக்கு ஏற்படும் முதன்மையான விளைவுகள் எரிச்சல், உறக்கக் கேடு, உரையாடலிலும் படிப்பிலும் இடையூறு, மனவழுத்தம் ஆகியனவாகும். நெடுங்காலம் தொடரும் சாலை, வானூர்தி இரைச்சலுக்கும் இதய நோய்களுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உலக சுகாதார அமைப்பு ஐரோப்பாவுக்காக 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாலை இரைச்சல் பகல், மாலை, இரவுக்கான நிறையிட்ட சராசரியாக 53 டெசிபெல்லுக்குள்ளும், இரவில் 45 டெசிபெல்லுக்குள்ளும் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

சராசரி அளவுகள் பந்தய இரைச்சலை முழுமையாக வெளிப்படுத்துவதில்லை. ஒரு நாளின் பெரும்பகுதி அமைதியாக இருந்து, சில மணி நேரம் மட்டும் வாகனங்கள் சுற்றினால் சராசரி தாழ்ந்தே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும் பொறியின் ஒலி கவனத்தைத் திரும்பத் திரும்ப ஈர்க்கிறது. எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை அறியாத நிலை எரிச்சலை மிகுவிக்கிறது. நோயாளிகள், கைக்குழந்தைகள், இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கும் தொழிலாளர்கள் ஆகியோருக்கு இடையூறு அதிகம். கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் கடைசிப் பிரிவினர் கணிசமாக உள்ளனர்.

குதிரைகள் மீதான விளைவுகள்

செவிப்புலன்

குதிரையின் செவிப்புலன் மனிதருடையதிலிருந்து வேறுபட்டது. 60 டெசிபெல் அளவில் ஒலிக்கும்போது குதிரை ஏறத்தாழ 55 ஹெர்ட்சு முதல் 33,500 ஹெர்ட்சு வரையிலான அதிர்வெண்களைக் கேட்கிறது. மனிதரின் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு ஆகும். எனவே உருளிப்பட்டையின் கீச்சொலி, பற்சக்கரங்களின் கூரொலி ஆகியவற்றில் மனிதருக்குக் கேளாத பகுதியும் குதிரைக்குக் கேட்கும். மனிதச் செவிக்கென வகுக்கப்பட்ட டெசிபெல் (ஏ) அளவு, குதிரை கேட்பதைச் சரியாகக் குறிக்காது.

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மனிதர் ஏறத்தாழ ஒரு பாகை அளவுக்கு நுட்பமாக அறிவர். குதிரையால் ஏறத்தாழ 25 பாகை அளவுக்கே அறிய இயலும். காதுகளைத் தனித்தனியே திருப்பும் ஆற்றல் இருந்தும், உரத்த ஒலியின் இடத்தை அதனால் துல்லியமாக அறிய முடிவதில்லை. ஆகவே அது தலையை உயர்த்தி ஒலியின் மூலத்தைக் கண்ணால் தேடுகிறது. மரங்களுக்கும் மதிலுக்கும் அப்பால் ஓடும் வாகனம் கண்ணுக்குத் தெரியாதபோது அதன் அச்சம் மிகுகிறது.

நடத்தையும் காயமும்

குதிரை, ஊனுண்ணிகளிடமிருந்து ஓடித் தப்பி வாழ்ந்த இனமாகும். அச்சம் தோன்றினால் ஓடுவதே அதன் முதல் எதிர்வினை. மேய்ச்சலை நிறுத்துதல், வேலியோரமாக ஓயாது நடத்தல், வியர்த்தல், அடிக்கடி சாணமிடுதல், இதயத் துடிப்பு உயர்தல் ஆகியவை அச்சத்தின் அறிகுறிகளாகும். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28 முதல் 44 முறை துடிக்கும்.

ஒலியைவிட அதனால் விளையும் ஓட்டமே பெரும் தீங்கை விளைவிக்கிறது. முள்கம்பி வேலியில் பாய்ந்து கிழிபடுதல், வழுக்கி விழுதல், சாலைக்கு ஓடிவந்து வாகனங்களில் மோதுதல், ஏறியிருப்பவரைத் தள்ளிவிடுதல் ஆகியவை நேரக்கூடும். இரணஜன்னி நோய்க்குக் குதிரைகள் மிக எளிதில் ஆளாவதால், சிறு காயமும் தடுப்பூசி போடப்படாத குதிரையின் உயிருக்கு இடராகலாம்.

குதிரைகள் படிப்படியாக ஒலிக்குப் பழகக்கூடியவை. காவல்துறைக் குதிரைகள் கூட்டத்தின் ஆரவாரம், வெடியோசை, வாகன ஒலி ஆகியவற்றுக்கு இவ்வாறே பழக்கப்படுகின்றன. சென்னைப் புதுப்பேட்டையிலுள்ள குதிரைப்படைக் காவல் பிரிவு இதற்கு எடுத்துக்காட்டாகும். ஆனால் பழக்கம் என்பது ஒலி சிறிதாகத் தொடங்கி, முறையாகத் திரும்ப வரும்போதே ஏற்படும். ஆண்டுக்கு இருமுறை முன்னறிவிப்பின்றி எழும் பேரொலிக்குக் குதிரைகள் எளிதில் பழகுவதில்லை. அவ்வாறான ஒலி ஒவ்வொரு முறையும் அச்சத்தை உறுதிப்படுத்தவும் கூடும்.

ஒரே இடத்தில் குதிரையும் பந்தய வாகனமும்

இவ்விரு விளையாட்டுகளும் அருகருகே நடைபெறும் இடங்களும் உள்ளன. இங்கிலாந்தின் குட்வுட் பண்ணையில் 1802 ஆம் ஆண்டிலிருந்து குதிரைப் பந்தயமும், 1948 ஆம் ஆண்டிலிருந்து தானுந்துப் பந்தயமும் நடைபெற்றன. 1966 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட தானுந்துப் பந்தயங்கள் 1998 ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கியபோது, உரத்த ஒலிக்குரிய நாட்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. இலங்கையின் நுவரெலியாவில் சித்திரைப் புத்தாண்டையொட்டிய ஏப்ரல் பருவத்தில் குதிரைப் பந்தயமும், மககஸ்தோட்டை மலையேற்றத் தானுந்துப் பந்தயமும் ஒரே நகரில் நடைபெறுவது நீண்டகால வழக்கமாகும். இவ்விடங்களில் இரு விளையாட்டுகளும் ஒரே நாட்காட்டிக்குள் திட்டமிடப்படுகின்றன.

பிற கால்நடைகள்

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் குதிரைகளைவிடக் கறவை மாடுகளும் ஆடுகளுமே மிகுதி. மாடு திடீரென மிரண்டால் அதன் உடலில் சுரக்கும் அட்ரினலின், மடியில் பால் இறங்கச் செய்யும் ஆக்சிடாசினின் செயலைத் தடுக்கிறது. எனவே கறவை நேரத்தில் எழும் பேரொலி அவ்வேளைப் பாலைக் குறைக்கலாம். கறவை பெரும்பாலும் விடியற்காலையிலும் பிற்பகலிலும் நடைபெறுவதால், பந்தய நேரத்தை அமைக்கும்போது இதனைக் கருத்தில் கொள்ள இயலும்.

இந்தியாவில் சட்ட நிலை

1987 ஆம் ஆண்டின் திருத்தத்தின் மூலம் 1981 ஆம் ஆண்டின் காற்று மாசு தடுப்புச் சட்டத்தில் இரைச்சலும் மாசுப்பொருளாகச் சேர்க்கப்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்படுத்தல்) விதிகள் 2000 ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று வெளியிடப்பட்டன. இவ்விதிகள் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரையிலான நேரத்தைப் பகலாகக் கொண்டு, பின்வரும் எல்லைகளை டெசிபெல் (ஏ) அளவில் வகுக்கின்றன.

தொழிற்பகுதி: பகல் 75, இரவு 70
வணிகப் பகுதி: பகல் 65, இரவு 55
குடியிருப்புப் பகுதி: பகல் 55, இரவு 45
அமைதிப் பகுதி: பகல் 50, இரவு 40

மருத்துவமனைகள், கல்வி நிறுவனங்கள், நீதிமன்றங்கள் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடம் அமைதிப் பகுதியாகக் கருதப்பட்டது. இப்பட்டியலில் ஊர்ப்புறம் அல்லது வேளாண் பகுதி என ஒரு தனிப் பிரிவு இல்லை. இயல்பாகவே 55 டெசிபெல்லுக்கு மிகவும் தாழ்ந்த ஒலியுடைய சிற்றூர் ஒன்று, குடியிருப்புப் பகுதி என்னும் அளவுகோலாலேயே மதிப்பிடப்பட வேண்டியுள்ளது.

உரிய எல்லையை 10 டெசிபெல் (ஏ) அல்லது அதற்கு மேல் ஒலி மீறினால் பாதிக்கப்பட்டவர் அதிகாரியிடம் முறையிடலாம் என இவ்விதிகள் கூறுகின்றன. ஒலிபெருக்கிகளுக்கு எழுத்து மூலமான அனுமதி தேவை. பொது இடமொன்றின் எல்லையில் ஒலிபெருக்கியின் அளவு, அப்பகுதிக்குரிய அளவைவிட 10 டெசிபெல் (ஏ) அல்லது 75 டெசிபெல் (ஏ), இவற்றுள் எது குறைவோ அதனை மீறக்கூடாது. 2005 ஆம் ஆண்டு சூலை மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் ஒலி மாசு வழக்கில் அளித்த தீர்ப்பு, அமைதியாக வாழும் உரிமையை அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையோடு இணைத்தது.

1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189 ஆம் பிரிவு, மாநில அரசின் எழுத்து மூலமான இசைவின்றிப் பொது இடத்தில் வாகனப் பந்தயம் நடத்துவதைக் குற்றமாக்குகிறது. பொதுத் தொல்லையை அகற்றுமாறு நிபந்தனை ஆணையிடும் அதிகாரம் 2023 ஆம் ஆண்டின் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152 ஆம் பிரிவின்படி நிர்வாகத் துறை நடுவர்களுக்கு உண்டு. இது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவாக இருந்தது. 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளுக்குத் தேவையற்ற வலியும் துன்பமும் விளைவிப்பதைத் தடுக்கிறது. ஆயினும் விலங்குகளுக்கென இரைச்சல் எல்லை எதனையும் அது வகுக்கவில்லை.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

குரோப்ட் (2009)

வட யார்க்சையரிலுள்ள குரோப்ட் தடம் சோழவரத்தைப் போலவே முன்னாள் வானூர்தித் தளமாகும். இதன் இரைச்சலுக்கு எதிராக அயல்வீட்டார் தொடுத்த வழக்கில், 2009 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரத்த ஒலியெழும் நாட்களை ஆண்டுக்கு 40 ஆக வரையறுத்தது. பந்தயத்தை முற்றிலும் தடைசெய்யாமல், நாட்களின் எண்ணிக்கையைத் தீர்வுக்கான அளவுகோலாகக் கொண்டமை இத்தீர்ப்பின் சிறப்பாகும்.

மில்டன்ஹால் (2014)

சபோக் மாவட்டத்தின் மில்டன்ஹாலுக்கு அருகே 1970களிலிருந்து விசையுந்து விளையாட்டரங்கு ஒன்று இயங்கியது. பின்னர் அதன் பின்புறம் மண்தடப் பந்தயக் களமும் அமைந்தது. அரங்கிலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் தொலைவிலிருந்த வீடொன்றை 2006 ஆம் ஆண்டில் வாங்கியவர்கள் இரைச்சலுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 2014 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

தொல்லை இருக்கும் இடத்துக்குத் தாமாகவே குடிவந்தனர் என்னும் வாதம் பொதுவாக எதிர்வாதமாகாது என்றும், திட்டமிடல் அனுமதி பெற்றிருப்பது மட்டுமே தொல்லையை நியாயப்படுத்தாது என்றும் நீதிமன்றம் கூறியது. அதேவேளை, தடையாணைக்குப் பதிலாக இழப்பீடு வழங்குவதைக் கீழமை நீதிமன்றங்கள் கூடுதல் நெகிழ்வுடன் கருதலாம் என்றும் தெரிவித்தது.

சென்னை (2023–2024)

சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் சுமார் 3.5 கிலோமீட்டர் நீளத்துக்குத் தற்காலிகத் தடம் அமைத்துப் பார்முலா 4 பந்தயம் நடத்தத் திட்டமிடப்பட்டது. 2023 திசம்பரில் நடைபெறவிருந்த இது மிக்சாங் புயல் வெள்ளத்தால் தள்ளிவைக்கப்பட்டது. இதனை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்குகளில், போக்குவரத்து இடையூறு, பொதுச் செலவு ஆகியவற்றுடன் அருகிலுள்ள மருத்துவமனைகளைப் பாதிக்கும் இரைச்சலும் ஒரு முறையீடாக எழுப்பப்பட்டது. 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் பந்தயத்தை அனுமதித்தது. பந்தயம் 2024 ஆகத்து 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் இரவில் மின்னொளியில் நடைபெற்றது.

சோழவரத்தில் ஊருக்கு வெளியே இருந்த ஒலி, இப்பந்தயத்தின் மூலம் மாநகரின் நடுவே வந்தது. மருத்துவமனையும் நீதிமன்றமும் உள்ள இடத்தில் இரைச்சல் பற்றிய வினா உடனே உயர் நீதிமன்றம் வரை சென்றது. விதிகளில் அமைதிப் பகுதி என்னும் தகுதி இல்லாத சிற்றூர்களுக்கு இத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டுவதில்லை.

தணிப்பு முறைகள்

தடத்தை நடத்துவோர் செய்யக்கூடியவை

வாகனங்களுக்கு ஒலி எல்லை வகுத்து, மீறும் வாகனத்தைத் தடத்திலிருந்து விலக்குதல் முதன்மையான முறையாகும். மண்மேடுகளும் திண்ணிய தடுப்புச் சுவர்களும், வாகனத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான நேர்கோட்டை மறைத்தால் மட்டுமே பயன் தரும். மர வரிசை காட்சியை மறைக்குமேயன்றி, அடர்த்தியும் அகலமும் இல்லாவிடில் ஒலியைச் சிறிதளவே குறைக்கும். ஒலிபெருக்கிகளைத் தடத்தின் உட்புறம் நோக்கித் திருப்புதல், ஒரு பெரிய ஒலிபெருக்கிக்குப் பதிலாகப் பல சிறியவற்றைப் பார்வையாளர் அருகே வைத்தல் ஆகியவை குறைந்த செலவில் நிறைந்த பயன் தருபவை.

ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியை வெளியிடுதல், உரத்த நாட்களையும் அமைதி நாட்களையும் பிரித்தல், தேர்வுக் காலங்களைத் தவிர்த்தல், நண்பகல் இடைவேளை விடுதல், முறையீடுகளைப் பெற ஒருவரை அமர்த்துதல், ஊராட்சி அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டுதல் ஆகியவை கருவி எதுவும் வேண்டாத வழிகளாகும்.

குதிரை வளர்ப்போர் செய்யக்கூடியவை

பந்தய நாளை முன்கூட்டியே அறிந்தால் மட்டுமே குதிரை வளர்ப்போர் ஆயத்தம் செய்ய இயலும். ஒலி தொடங்குமுன் குதிரைகளைப் பழகிய லாயத்துக்குக் கொண்டுவருதல் நலம். ஆனால் அடைத்து வைத்தால் மேலும் மிரளும் குதிரைகளை வலுவான வேலியுள்ள திறந்தவெளியில் விடுவதே ஏற்றது. துணைக்குப் பழகிய குதிரை ஒன்றை உடனிருத்துதல், உலர்புல் தாராளமாக வைத்தல், வானொலி போன்ற பழகிய ஒலியை மெல்ல ஒலிக்கச் செய்தல், காதுறை அணிவித்தல் ஆகியவை உதவும். அந்நாளில் குதிரையேற்றத்தையும் இலாடம் கட்டுவதையும் தவிர்க்க வேண்டும். சினைக் குதிரைகளையும் குட்டிகளையும் இயன்றால் வேறிடத்துக்கு மாற்றலாம்.

அமைதிப்படுத்தும் மருந்துகளைக் கால்நடை மருத்துவரின் அறிவுரையின்றிக் கொடுக்கக்கூடாது. 1903 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் குதிரைகளுக்கான சிகிச்சை வசதி உள்ளது.

மின்சார வாகனங்கள்

2023 பிப்ரவரி 11 அன்று ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரிக்கரையில் பார்முலா ஈ மின்சாரத் தானுந்துப் பந்தயம் நடைபெற்றது. இந்தியாவில் இவ்வகைப் பந்தயம் நடந்தது அதுவே முதன்முறை. மின்சார வாகனங்களில் புகைக்குழாய் ஒலி இல்லை. எஞ்சியிருப்பது மின்னோடியின் கூரொலியும் உருளிப்பட்டையின் ஒலியுமாகும். மனிதருக்கு இது பெரும் ஆறுதலாயினும், உயர் அதிர்வெண்களை நன்கு கேட்கும் குதிரைக்கு அவ்வாகனம் ஒலியற்றதாகாது. ஒலிபெருக்கிகளும் கூட்டமும் பொறி வகை எதுவாயினும் மாறுவதில்லை. எனவே நாட்களின் எண்ணிக்கை, முன்னறிவிப்பு, நேர ஒழுங்கு ஆகியவற்றின் தேவை மின்சாரப் பந்தயங்களுக்கும் பொருந்தும்.

இவற்றையும் பார்க்க

ஒலி மாசுபாடு
டெசிபெல்
சோழவரம்
இருங்காட்டுக்கோட்டை
கவரைப்பேட்டை
குதிரை